சரக்கு வண்டியா, எஸ்யூவியா? வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

மகசூல் பணம் கைக்கு வந்ததும் பல வீடுகளில் வண்டி வாங்கும் பேச்சு எழும். சின்ன சரக்கு வண்டியா, குடும்பத்தோடு போக எஸ்யூவி காரா? போன வருஷம் எத்தனை முறை வாடகை வண்டி பிடித்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள். வாரம் இரண்டு முறை சந்தைக்குக் காய் போகிறதென்றால் சரக்கு வண்டிதான். வருஷத்துக்கு இரண்டே தடவை நெல் மூட்டை ஏற்றுபவருக்கு வாடகையே லாபம்.

750 கிலோ தாங்கும் வண்டியில், காயோடு 27 கிலோ வரும் தக்காளிப் பெட்டி 27 தான் ஏற்றலாம். 40 ஏற்றினால் பிரேக் சொன்னபடி கேட்காது.

இப்போதைய சிறிய எஸ்யூவிகள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. பின்னால் உர மூட்டை ஏறினால் முன்சக்கரம் சேற்றில் சுழலும். சரக்கு வண்டி பாரத்தோடு நன்றாக ஏறும். காலியாகத் திரும்பும்போதுதான் வழுக்கும். பூச்சிமருந்தைக் காருக்குள் வைத்துப் பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள், நெடி உள்ளேயே தங்கும்.

வண்டியும் பாரமும் சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பர்மிட் வேண்டாம். எஃப்.சி. மட்டும் உண்டு: 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும்.

நடவு ஆட்களைப் பின்னால் ஏற்றுவது ஊரில் சாதாரணம்தான். ஆனால் அது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிடும், நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். ஆட்களுக்குத் தனியாக வேன் பேசிவிடுங்கள். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.