பின்னால் தொங்கும் சக்கரம்

மாணவர்களே, உங்கள் புத்தகப் பையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கையை நீட்டிப் பிடியுங்கள். பை அதேதான், தோள் மட்டும் வலிக்கிறது, இல்லையா?

1998இல் வெளிவந்த பெரோடுவா கெம்பாராவின் பின்கதவுக்கும் இதே வேலைதான். மாற்றுச் சக்கரம் அதில்தான் தொங்குகிறது. காட்டுப் பாதையில் ஓட்டுபவர்கள் இன்னும் கனமான சக்கரத்தை மாட்ட விரும்பினால், கதவு தாங்குமா?

கணக்குப் போடுவோம். 30 கிலோ சக்கரத்தின் எடை ஏறக்குறைய 300 நியூட்டன். கதவைத் திறக்கும்போது சக்கரத்தின் மையம் கீலிலிருந்து 0.6 மீட்டர் தள்ளி இருந்தால், திருப்புத்திறன் 300 × 0.6 = 180 நியூட்டன் மீட்டர். இரு கீல்களுக்கும் இடையே 0.3 மீட்டர் என்றால், மேல்கீலை 180 ÷ 0.3 = 600 நியூட்டன் விசை பிடுங்கி இழுக்கும். கீழ்க்கீலை அதே விசை அழுத்தும். இடைவெளியை இரட்டிப்பாக்கினால் விசை பாதியாகும்.

வண்டி குழியில் விழுந்து எழும்போது இந்த விசைகள் பல மடங்காகும். திரும்பத் திரும்பக் குலுங்கினால் இரும்பும் களைத்து விரிசல் விடும். சக்கரம் கழன்றால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கதி?

அதனால்தான் தனித் தாங்கி செய்பவர்கள் பாரத்தைக் கதவில் ஏற்றுவதில்லை. வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைந்த எஃகு பம்பரில் தடித்த சுழல்தண்டைப் பொருத்துவார்கள். மறுமுனையை இறுக்கமான பூட்டு பிடித்துக்கொள்ளும். இரு முனைகளும் பாரத்தைப் பகிர்வதால் ஆட்டம் குறையும். பின்விளக்கும் எண் பலகையும் மறையக் கூடாது.

அடுத்த முறை கதவைத் திறக்கும்போது கீல்களைக் கவனியுங்கள். அவை ஏன் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று இப்போது சொல்வீர்கள்தானே?