புதுவையில் கூடிய திருச்சங்கம்

கி.பி. 325-இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் வாதிட்டது, கிறிஸ்து யார் என்பதைப் பற்றி. 1844 சனவரியில் புதுச்சேரியில் கூடிய குருக்களின் கேள்வி வேறு: தமிழ்த் திருச்சபையை யார் நடத்துவது?

  

புதுவை ஆயர் பொன்னாந்து ஆண்டகை கூட்டிய அந்தச் சங்கம் பிப்ரவரி 13 வரை நீடித்தது. உள்ளூர் இளைஞர்களை நன்கு படிக்கவைத்துக் குருக்களாக்க வேண்டும், சிறுவர்களுக்குப் பள்ளி வேண்டும், சிறுமிகளுக்கும் வேண்டும் என்றது. அந்தக் கடைசி வார்த்தைதான் பெரிது. குடும்பப் பெண் எழுத்துப் படிப்பதே இழுக்கு என்று கருதிய காலம் அது! அதே ஆண்டு அக்டோபரில் துப்புயி அடிகளார் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபை தொடங்கினார்; பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது அதன் முதல் வேலை.

சங்கத்தின் முடிவுகளை லுக்கே என்ற இளங்குரு உரோமுக்குக் கொண்டுபோனார். 1845 நவம்பரில் அங்கிருந்து அறிவுறுத்தல் வந்தது: உள்ளூர்க் குருக்களை வெறும் உதவியாளர்களாக வைத்திருக்கக் கூடாது, ஆயர் பதவிவரை உயர்த்த வேண்டும்.

புதுவையின் பேராயராக ஒரு தமிழர், அம்புரோஸ் ராயப்பர், அமர்ந்தது 1955-இல்.