முகவரிப் பட்டியல் யார் கையில்?

தஞ்சையில் அரிசி மொத்த வியாபாரி ஒருவர் பொன்னி, இட்லி அரிசி விலைப்பட்டியலை ஐம்பது கடைகளுக்கு ஈமெயிலில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது முகவரிகளையும் ‘பெறுநர்’ இடத்தில் போட்டால், அவருடைய வாடிக்கையாளர் யார் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதற்கென உள்ள இலவச மென்பொருள் ‘மெயில்மேன்’. பட்டியலுக்கென்று ஒரே ஒரு முகவரி. அதற்கு அனுப்பினால் அனைவருக்கும் போய்ச் சேரும். உறுப்பினர் விவரம் மறைந்திருக்கும்படியும், உரிமையாளர் மட்டுமே அனுப்பும்படியும் அமைத்துக்கொள்ளலாம். வேண்டாதவர் தாமே விலகிக்கொள்ளலாம்.

இலவசச் சேவை எதிலாவது நடத்தினால் போதாதா? ‘மரத்தடி’, ‘ராயர் காப்பி கிளப்’ போன்ற தமிழ் மடற்குழுக்கள் யாகூவின் இலவச இடத்தில்தான் நடந்தன. அந்நிறுவனம் பழைய மடல்களை நீக்கிவிட்டு, 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. இரவல் இடத்தின் கதி அதுதான்.

மெயில்மேன் க்னூ திட்டத்தைச் சேர்ந்தது. உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வர் வாடகையும், அதைப் பராமரிப்பவர் சம்பளமும் உண்டு. சங்கமே ஒரு சர்வர் எடுத்தால் பல கடைகளுக்கும் தனித்தனிப் பட்டியல் நடத்தலாம், செலவு பங்காகும்.

எந்த வழியானாலும், முகவரிப் பட்டியலின் நகல் ஒன்று பேரேட்டைப் போல நம் கடையில் இருக்கவேண்டும். வாடிக்கையாளரே நம் முதல்.