லோங்காங்கில் விழுந்த மாட்டைத் தூக்குவது எப்படி?

சிலாங்கூரில் காப்பார், மேரு, பந்திங் பக்கம் இன்னும் மாடு வளர்க்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போன பிறகும் மாட்டைக் கைவிடாதவர்கள். மேய்ச்சலுக்குச் செம்பனைக் காடும் சாலையோரப் புல்லும்தான். மழை நாளில் புல் மறைத்த விளிம்பில் கால் வழுக்கினால், மாடு நேராக லோங்காங்கில், அதாவது வடிகாலில், விழும். சிறிது நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒருவர் கழுத்தில் கயிறு போடுவார், ஒருவர் வாலைப் பிடிப்பார், யாரோ ஹைலக்ஸ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். அத்தனை பேருக்கும் நல்ல மனம்தான். ஆனால் விழுந்ததில் பிழைத்த மாடு இழுத்ததில் முடமாவது உண்டு. பெரிய விலங்குகளை மீட்பது இன்று பல நாடுகளில் தீயணைப்பு வீரர்களுக்குத் தனிப் பாடமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டுக் கெடா-கிளந்தான் இனப் பசு சிறியது, இருநூறு முந்நூறு கிலோ இருக்கும். கலப்பினப் பால் மாடு 400 கிலோவைத் தாண்டும். இந்த எடை முழுவதும் கழுத்தில் ஏறினால் மூச்சுக்குழாய் நசுங்கும். காலில் ஏறினால் மூட்டு விலகும். வால் முதுகெலும்பின் தொடர்ச்சி. அதை முரட்டுத்தனமாக இழுத்தால் சாணத்தையும் சிறுநீரையும் கட்டுப்படுத்தும் நரம்புகள் பழுதாகலாம்.

மாடு எழும் விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். குதிரை முன்னங்கால்களை ஊன்றி எழும். மாடு பின்பக்கத்தை முதலில் தூக்கும். அதற்குத் தலையையும் கழுத்தையும் முன்னால் வீசி, எடையை முன்முழங்கால்களுக்கு மாற்றியாக வேண்டும். முன்னால் இரண்டு மூன்று அடி வெற்றிடம் இல்லாவிட்டால் அந்த வீச்சுக்கு வழியில்லை. குறுகிய லோங்காங்கில் சிக்கிய மாடு எழாமல் கிடந்தால் கால் முறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இடமில்லாததே போதும்.

எழாமல் கிடக்கும் நேரமும் ஆபத்தானது. அசைபோடும் விலங்கின் வயிற்றில் தீவனம் நொதித்துக்கொண்டே இருக்கும். பெரிய பால் மாட்டுக்கு மணிக்கு 30 லிட்டருக்கு மேல் வாயு உண்டாகும். நின்றாலும் மார்பை ஊன்றிப் படுத்தாலும் அது ஏப்பமாக வெளியேறிவிடும். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வெளியேறாது. வயிறு உப்பி நுரையீரலை அழுத்தும். அதோடு, உடலின் எடை ஒரே தொடையின் மேல் பல மணி நேரம் இருந்தால் தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் குறைந்துபோகும். பிறகு தூக்கி நிறுத்தினாலும் மாடு நிற்காது. ஆகவே, பயிற்சி பெற்றவர் வந்தவுடன் மாட்டைத் தூக்க முயல்வதில்லை. முதலில் அதைப் புரட்டி, கால்களை மடக்கி, மார்பை ஊன்றிப் படுக்க வைப்பார். தலையின் கீழ் ஏதாவது முட்டுக் கொடுப்பார்.

அவர் நிற்கும் இடம்கூடப் பாடத்தின் பகுதிதான். மாட்டின் பார்வை ஏறக்குறைய சுற்றிலும் விரிந்திருக்கும், நேர் பின்புறம் மட்டும் தெரியாது. உதைக்கும்போது பின்னங்காலை முன்பக்கமாகச் சுழற்றி வீசும். தோள்பட்டையை ஒட்டி நிற்பதே பாதுகாப்பு. மெல்லிய கயிறு தோலை அறுக்கும் என்பதால், அகலமான, தட்டையான பட்டைகளையே பயன்படுத்துவார்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒன்று, பின்னங்கால்களுக்கு முன்னால் இன்னொன்று. நீண்ட கொக்கிக் கோலால் பட்டையை வயிற்றின் அடியில் தள்ளுவதால் யாரும் கால்களுக்கு நடுவே குனிய வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த வழி பட்டையே தேவைப்படாத வழி. லோங்காங் எங்காவது தரைமட்டத்துக்கு வரும், அல்லது அதன் கரையைச் சரிவாக வெட்ட முடியும். ஒரு பக்கத்தைப் பலகையால் அடைத்து, பழகிய மாடு ஒன்றை மேலே முன்னால் நடக்கவிட்டால் விழுந்த மாடு தானாகவே நடந்து வெளியேறும். யானைகளை இடம் மாற்ற நம் வனவிலங்குத் துறை 1974-இல் அமைத்த குழுவும் இந்த அறிவை நம்பித்தான் இயங்குகிறது. காட்டு யானையின் இரு புறமும் கோலா கண்டா யானைக் காப்பகத்தின் பழக்கிய யானைகள் நின்று அதை லாரிவரை கூட்டிச் செல்கின்றன.

சேறு வேறு கதை. புதைந்த குளம்பை மேலே இழுக்கும்போது அடியில் வெற்றிடம் உண்டாகி, சேறு திரும்ப உறிஞ்சும். எவ்வளவு பலமாக இழுத்தாலும் பயனில்லை. மெல்லிய குழாயைக் காலோரம் செலுத்தி நீரையோ காற்றையோ பாய்ச்சினால் பிடி தளரும். கரையோரக் களிமண் நிலமான கேரித் தீவிலும் காப்பாரிலும் இந்தக் குழாய் ஒன்று இருப்பது பெரிய உதவி.

கிணறு என்றால் தமிழ்நாட்டையும் ஜார்க்கண்டையும் பார்க்கலாம். 2020 ஜனவரியில் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த யானைக்காக வனத்துறையினர் பம்பு வைத்து நீரை உள்ளே நிரப்பினார்கள். நீர் உயர, யானையும் மிதந்து மேலே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தர்மபுரி மாவட்டம் பஞ்சப்பள்ளி அருகே ஆழக் கிணற்றில் விழுந்த பெண் யானையை மயக்க ஊசி போட்டு, பட்டை கட்டி, கிரேனால் தூக்கினார்கள். இரண்டும் சரியான வழிகளே, ஆனால் ஒன்றோடொன்று சேராதவை. மயங்கிய விலங்கு தலையைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது, நீரில் மூழ்கிவிடும். மயக்க ஊசி போடுமுன் விலங்கு எங்கே சாயும் என்பதையும் யோசிக்க வேண்டும். 2022 ஜூலையில் தாய்லாந்தின் காவ் யாய் பூங்காவில் யானைக் குட்டி ஒன்று வடிகால் குழியில் விழுந்தது. காவல் நின்ற தாய்க்கு மயக்க மருந்து கொடுத்ததும் அது அதே குழியின் விளிம்பில் சரிந்தது. அதைக் கிரேனால் இழுத்து, நெஞ்சின் மேல் ஏறி மிதித்து மூச்சைத் திரும்ப வரவழைத்தார்கள். தாயும் குட்டியும் பிழைத்தன.

இதையெல்லாம் உயிருள்ள மாட்டை வைத்துக் கற்பிக்க முடியாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மூட்டு மடங்கும், நிஜ அளவிலான பொம்மைக் குதிரைகளைப் பள்ளத்தில் போட்டுப் பழகுகிறார்கள். இந்தத் துறைக்கான முழுமையான பாடநூல் அமெரிக்காவில் 2008-இல் வந்தது. கட்டளையிட ஒருவர், மருந்துக்குக் கால்நடை மருத்துவர், தலைப்பக்கம் நிற்க ஒருவர், உரிமையாளரைத் தேற்ற ஒருவர் என்று வேலை பிரியும். சைரனும் இன்ஜினும் அணைய வேண்டும், கூட்டம் விலக வேண்டும். மனித உயிர் முதலில் என்பதில் சமரசமே இல்லை.

சிலாங்கூரில் இதற்கு வேண்டியவை எல்லாம் அருகருகே இருக்கின்றன. கோலாகுபு பாருவில் பொம்பா (தீயணைப்பு) அகாடமி, செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் புலம், கிள்ளானில் தலைமுறைகளாக மாட்டைத் தெரிந்த மனிதர்கள். மூவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே பள்ளத்தருகே நின்று பழக வேண்டும் என்பது என் கோரிக்கை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறியது என்று பார்த்தவர்களுக்கு அவசரம் புரியும்.

மாடு வளர்ப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வெள்ளம் வரும்போது முதலில் கட்டை அவிழ்த்துவிடுங்கள், மாட்டுக்கு நீந்தத் தெரியும். பள்ளத்தில் விழுந்தால் 999-க்கு அழைத்து, என்ன விலங்கு, எவ்வளவு பெரியது, தலை நீருக்கு மேலே இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். பொம்பா வரும்வரை கழுத்தில் கயிறு போட்டு மட்டும் இழுத்துவிடாதீர்கள்.