பொறுமைக்குக் கிடைக்கும் சில்லறை

பந்தய அளவு வரையறுக்கப்பட்ட போக்கரில் மிரட்டல் எடுபடாது. கணக்கு எடுபடும், அதுவும் கடிகாரம் அனுமதிக்கும் வரை

4,800 கணிப்பொறிச் செயலிகள் 68 நாட்கள் இரவு பகலாக ஓடின. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பௌலிங் குழுவினர் 2015 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை அறிவித்தார்கள்: இருவர் ஆடும் ‘லிமிட் ஹோல்டம்’ போக்கருக்கு ஏறத்தாழ முழு விடையும் கிடைத்துவிட்டது. ‘செபியஸ்’ என்ற அந்த நிரலுடன் ஒருவர் ஆயுள் முழுக்க ஆடினாலும், அதைத் தோற்கடித்ததாக உறுதியாக மார்தட்ட முடியாது.

மேசையில் பத்துப் பேர், நுழைவுக் கட்டணம் ஐந்து டாலர் என்றால் கதை வேறு. இணையத்தில் நடக்கும் இந்தச் சில்லறைப் போட்டிகளுக்கு முழு விடை எவரிடமும் இல்லை. ஆனால் நல்ல ஆட்டக்காரர்கள் கைக்கொள்ளும் சில கணக்குகள் உண்டு. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, நான்கு சுற்றுப் பந்தயம். லிமிட் வகையில் பந்தயத் தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. முதல் இரண்டு சுற்றில் 10 என்றால் அடுத்த இரண்டில் 20. கையிலிருப்பதையெல்லாம் மேசை மேல் தள்ளி எதிராளியை வியர்க்க வைக்கும் சினிமாக் காட்சிக்கு இங்கே இடமில்லை.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். நடுவில் ஏழு பந்தய அளவுக்குப் பணம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒன்றுமில்லாதவர் கடைசிச் சுற்றில் ஒரு பந்தயம் கட்டி மிரட்டுகிறார். எதிராளியின் நிலை என்ன? ஒன்று கட்டினால் எட்டு கிடைக்கலாம். ஒன்பது முறைக்கு ஒரு முறை ஜெயித்தாலே அவருக்கு நஷ்டமில்லை. எப்படி விலகுவார்? அதுவும் சில்லறை மேசையில் பலர் வருவதே சீட்டைப் பார்த்துவிடும் ஆசையில்தான். எனவே முதல் விதி: மிரட்டாதே. நல்ல சீட்டு வந்தால் கூச்சப்படாமல் பந்தயத்தை ஏற்று. பார்க்க ஆசைப்படுபவர்கள் அதற்கான விலையைக் கொடுக்கட்டும்.

இரண்டாவது விதி, விலைக்கேற்ற வாய்ப்பு. கையிலும் நடுவிலுமாக நான்கு இஸ்பேடு சேர்ந்தாயிற்று, ஐந்தாவது வரவேண்டும், ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. கண்ணில் படாத 46 சீட்டுகளில் 9 இஸ்பேடு. கைகொடுக்காதவை 37. அதாவது ஒரு முறை வந்தால் நான்கு முறைக்குச் சற்று அதிகமாக வராது. நடுவில் ஐந்து பந்தயப் பணம் இருந்தால் ஒன்று கட்டித் தொடரலாம். மூன்றுதான் என்றால் விலகுவதே மேல். ரம்மிக்காரர்கள் ‘ஸ்கூட்’ என்பார்களே, அதுதான்.

ஜோடி ஆஸ் சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும். அதுவும் உத்தரவாதமல்ல. எந்தச் சீட்டும் வைத்திருக்கக்கூடிய ஒரே ஓர் எதிராளி என்றால் சுமார் 85 சதவீதம் வெற்றி. ஒன்பது பேரும் கடைசி வரை நின்றால் அதே ஜோடி ஆஸ் ஜெயிப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தொடக்கத்திலேயே பந்தயத்தை ஏற்றிக் கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இதுவரை சொன்னது பொறுமைசாலிகளுக்குச் சாதகம். ஆனால் போட்டி என்பது கடிகாரத்துடன் நடக்கும் ஆட்டம். சில நிமிடங்களுக்கு ஒரு முறை பந்தயத் தொகை உயர்ந்துகொண்டே போகும். 1,500 சிப்ஸுடன் ஒருவர் தொடங்குகிறார். 10-20 கட்டத்தில் சுற்றுக்கு ஒரு பந்தயம் வீதம் கடைசி வரை போனால் ஆகும் செலவு 60. இருபத்தைந்து கை தோற்கும் அளவுக்குத் தெம்பு இருக்கிறது. 200-400 கட்டத்தில் அதே செலவு 1,200. ஒரு கை தோற்றால் ஏறக்குறைய ஆட்டம் முடிந்தது. சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வைத்து இருவர் கட்ட வேண்டிய ‘பிளைண்ட்’ தொகை 100, 200. சும்மா உட்கார்ந்திருந்தாலே ஐந்து சுற்றில் 1,500ம் கரைந்துவிடும்.

அந்தக் கட்டத்தில் பொறுமையே எதிரி. முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் விலகிவிட்டால், ஓரளவு நல்ல சீட்டு வைத்திருப்பவர் 400ஆக ஏற்றி, நடுவில் இருக்கும் 300ஐப் பறிக்கப் பார்க்க வேண்டும். எச்சரிக்கையும் தேவை. 200 பிளைண்ட் கட்டியவர் இன்னொரு 200 கட்டினால் 700க்குப் போட்டியிடலாம். அவர் சுலபத்தில் விலகமாட்டார். எனவே ஓர் ஆஸ், ஒரு ஜோடி அல்லது இரண்டு பெரிய சீட்டாவது கையில் இருக்க வேண்டும். செய்யக்கூடாதது, ஏற்றாமல் வெறுமனே ஈடுகட்டி உள்ளே நுழைவது. இருவர் ஆட்டத்தில் முதல் வாய்ப்புக் கிடைக்கும்போது செபியஸும் கிட்டத்தட்ட ஒருபோதும் அப்படிச் செய்வதில்லை. ஏற்றும், அல்லது விலகும்.

பரிசுப் பங்கீடும் ஆட்டத்தை மாற்றுகிறது. வழக்கமான பத்துப் பேர் போட்டியில் முதல் மூவருக்கு 50, 30, 20 சதவீதம். எல்லா சிப்ஸையும் வாரியவருக்கும் பாதிப் பணம்தான். நால்வர் மிஞ்சியிருக்கும்போது மற்ற இருவர் மோதிக்கொண்டால், ஒதுங்கி நின்று பார்ப்பவருக்கே செலவில்லாத லாபம்.

இவ்வளவும் செய்தால் பணம் பார்க்கலாமா? ஐந்து டாலர் போட்டிக்கு அரை டாலர் சேவைக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் கட்டுவது 55 டாலர். பரிசாகத் திரும்புவது 50. சம திறமையுள்ளவர்கள் நூறு போட்டி ஆடினால் ஆளுக்குச் சராசரியாக 50 டாலர் காலி. மேசையிலுள்ள மற்றவர்களைவிடக் கணிசமாகத் திறமை இருந்தால்தான் போட்ட பணமே திரும்பும். அந்த மேசையில் தோற்காத ஒரே ஆள், மேசையைப் போட்டவர்.

அதற்கு உதாரணம் தேட இந்தியர்கள் தூரம் போக வேண்டியதில்லை. பார்ட்டிபோக்கர் தளத்தின் மென்பொருளை உருவாக்கியவர் தில்லி ஐஐடியில் படித்த அனுராக் தீட்சித். 2005இல் தாய் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் நுழைந்தபோது அவர் பெரும் கோடீஸ்வரரானார். அடுத்த ஆண்டே அமெரிக்கா இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவர, பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. 2008இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட தீட்சித், 30 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார்.

இந்தியாவில் போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு பல உயர்நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டு, இணையத்தில் பணம் வைத்து ஆடும் எல்லா ஆட்டங்களையும் தடை செய்தது. முன்னணித் தளங்கள் அந்த மாதமே பண ஆட்டத்தை நிறுத்தின.

கணக்கு அப்படியேதான் இருக்கிறது. 46இல் 9 இன்றும் 46இல் 9தான். அதைப் பணமில்லாமல் ஆடிப் பார்ப்பவருக்கு நஷ்டம் நேரம் மட்டுமே. உலகின் மிகச் சிறந்த லிமிட் ஆட்டக்காரரான செபியஸும், எந்தப் போட்டிக்கும் நுழைவுக் கட்டணம் கட்டியதில்லை.