உங்களுக்குத் தெரியுமா? தைப்பிங்கின் பொன்வலைகள்

தைப்பிங் ஏரிப் பூங்காவிலோ புக்கிட் லாருட் அடிவாரத்திலோ காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் மரங்களுக்கு நடுவே பாருங்கள். மஞ்சள் பொன்னாக மின்னும் பெரிய வலை தெரிந்தால், அது பொன்னிழைச் சிலந்தியின் வீடு. அறிவியல் பெயர் நெபிலா பிலிபெஸ். வலைக்கு அந்த நிறத்தைத் தருவது இழையிலேயே ஊறியுள்ள நிறமிகள். நடுவில் நீண்ட கால்களை விரித்திருப்பது பெண். உடல் மட்டுமே 5 சென்டிமீட்டர் வரை வளரும். அதே வலையில் பொடியாக ஒன்று தென்பட்டால் குஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள், அதன் ஆணாக இருக்கலாம். அது ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது!

மடகாஸ்கரில் இதன் உறவுச் சிலந்திகள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றின் இழையை எடுத்து நெய்த பொன்னிற மேலங்கி, 2012இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. சாயம் ஒரு துளியும் இல்லை.

வீட்டு வேலிச் செடியில் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் அமர்ந்திருப்பது ஆர்கியோப் சிலந்தி. ஆளைக் கடிக்க வராது. ஒட்டடைக் கம்பு வேண்டாம். வலையில் அது நெய்யும் வெள்ளை நெளிகோடுகள் பூச்சியை ஈர்க்கவா, பறவையை எச்சரிக்கவா? ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.