விருத்தியடையும் நாட்டிற் கமத்தொழிலின் இடம்

கைத்தொழிலே நாட்டை உயர்த்துவது, கமத்தொழில் பின்தங்கிய நிலையின் அடையாளம் என்னும் கருத்துப் படித்தோரிடையேயும் பரவியுள்ளது. அஃது ஆராய்வின்றி ஏற்கத்தக்கதன்று. ஆலைத் தொழிலாளி உண்ணும் சோற்றை யாரேனும் ஒருவர் விளைவித்தல் வேண்டும். உள்நாட்டில் விளையாதெனின் அது கப்பலில் வரும். அதற்கீடாக அந்நியச் செலாவணி வெளியே செல்லும். இயந்திரம் வாங்குதற்கு வேண்டியதும் அச்செலாவணியே யன்றோ?

சுதந்திரம் பெற்ற காலத்து இலங்கை இதற்குத் தக்க சான்று. தேயிலையும் இறப்பரும் தெங்கும் ஈட்டிய பணத்தின் பெரும்பகுதி உணவிறக்குமதியிற் கழிந்தது. 1952 இற் சீனாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி கிடைப்பதாயிற்று. மறு ஆண்டு பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்படவே ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசிவிலை அரசாங்கத்தையே அசைக்கும் நாட்டிற் கைத்தொழிலுக்கு மூலதனம் சேர்ப்பது எங்ஙனம்?

விளைச்சலைப் பெருக்குதற்கு 1949 இற் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பெற்றது. எனினும் நீர் மட்டும் போதியதன்று. பழைய நெல்லினங்கள் உரம் மிகுந்தால் நெடிது வளர்ந்து சாய்ந்துவிடும். 1958 இற் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எச்-4 இனமும், அதன்பின் வந்த குட்டையான பி.ஜீ. இனங்களும் இட்ட உரத்தைக் கதிராக்கும் ஆற்றல் மிக்கவை. ஆயின், அந்த உரமும் பெரும்பாலும் கப்பலிலேயே வந்தது என்பதை மறத்தலாகாது.

கமத்தொழில் உணவளிப்பதோடு அமையாது; கைத்தொழிற் பொருள்களுக்குச் சந்தையாகவும் அமைகின்றது. 1970 ஆம் ஆண்டுகளில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. சிறு தோட்டக்காணியுடையோர் கையிலும் பணம் புழங்கிற்று; நீரிறைக்கும் இயந்திரம் பெருகிற்று; கல்வீடுகள் எழுந்தன. அதே காலத்தில் நகரத்தார் செத்தல் மிளகாய்க்கு வருந்தினர் என்பதும் உண்மையே. 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இறக்குமதிச் சரக்கு வந்து குவிய, விலை வீழ்ந்தது. கொள்கையை மாற்றியோர் கமக்காரர் மாறுதற்குக் கால அவகாசம் அளித்திருத்தல் வேண்டும்.

அவகாசமின்மையின் கேடு 2021 இல் மீண்டும் வெளிப்பட்டது. செலாவணி அருகிய வேளையில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. சேதன உரம் நல்லதே. ஆனால் நாடு முழுவதற்கும் போதியவளவு அதனை ஒரு போகத்துள் ஆக்குதல் இயலாது. தடை அவ்வாண்டு நவம்பரிலே தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. நெல் விளைச்சல் பெரிதுங் குறைய, 2022 இல் அரிசியைக் கடனுக்கு இறக்குமதி செய்ய நேர்ந்தது.